பிரபுவின் பொடிப்பெட்டி

அயல்நாட்டில் பணப்பையைப் பறிகொடுத்தவர், திருடன் அகப்பட்டபின்னும் வழக்காடத் தயங்குவதை நாம் சோம்பல் என்றே எண்ணுகிறோம். 1775இல் லண்டன் கோவென்ட் கார்டன் நாடக அரங்கில், ரஷ்யப் பிரபு ஓர்லோவின் வைரம் பதித்த மூக்குப்பொடிப் பெட்டியை ஜார்ஜ் பாரிங்டன் உருவினான். (பொடிக்கு இத்தனை ஆடம்பரமா என்பது வேறு கேள்வி.) பிரபு கையோடு பிடித்தார், பெட்டி மீண்டது. ஆயினும் வழக்குத் தொடர மறுத்துவிட்டார். அன்றைய இங்கிலாந்தில் 12 பென்சுக்கு மேற்பட்ட பொருளை ஒருவரறியாமல் அவர் மடியிலிருந்து களவாடினால் தூக்கு. பொருள் கைக்கு வந்தபின் ஓர் உயிரைக் கேட்க விருந்தாளிக்கு மனம் வரவில்லை என்றே நாம் கருதுகிறோம். சாமுவேல் ரோமிலியின் முயற்சியால் அத்தண்டனை 1808இல்தான் நீங்கியது. பாரிங்டன் திருந்தவில்லை, 1790இல் 7 ஆண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டு ஆஸ்திரேலியா சேர்ந்தான். அங்கே, பாரமட்டாவில், அவனையே தலைமைக் காவலனாக அமர்த்தினார்கள்.