தோத்தவன் அடிச்ச காசு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். போன ஞாயித்துக்கிழமை அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது தங்கமணி கையில் அந்தச் சின்ன டப்பா மாட்டிக்கிச்சு. "இந்தத் தேஞ்சுபோன தகரத்துக்கா அன்னிக்கு அவ்வளவு காசு குடுத்தீங்க?" தகரம் இல்லம்மா, வெள்ளின்னேன். கொஞ்சம் கலப்பட வெள்ளி. அந்தக் கலப்படத்துலதான் கதையே இருக்கு, கேளுங்க.

டப்பாவில் இருப்பது மார்க் ஆண்டனி அடிச்ச தினாரியஸ். ஆமா, கிளியோபாட்ராவோட ஆண்டனியேதான். அளவில் நம்ம பழைய 25 பைசா மாதிரி, எடை நாலு கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு பக்கம் துடுப்புப் போட்ட போர்க்கப்பல். மறுபக்கம் நடுவுல கழுகுக் கொடி, ரெண்டு பக்கமும் படைக் கொடிகள், கீழே படையணியோட எண். என் காசுல ஆறு. கி.மு. 32-31ல், அக்டேவியனோட மோதுறதுக்கு முன்னாடி, தன் படைக்குச் சம்பளம் குடுக்க ஆண்டனி அடிச்ச காசு இது. 2 முதல் 23 வரைக்கும் படையணி எண் போட்டு அடிச்சிருக்கார்.

ரோமானியக் குடியரசு முடிஞ்ச கதையைக் காசை வச்சே சொல்லிடலாம். அதுவரைக்கும் உயிரோட இருக்கிற ரோமானியர் முகத்தை ரோம் நகரக் காசுல போடும் வழக்கமே இல்லை. தெய்வங்கள் வரும், செத்துப்போன முன்னோர்கள் வருவாங்க. கி.மு. 44 தொடக்கத்தில் ஜூலியஸ் சீசர் முகம் வந்தது. அரசன் ஆகப் பார்க்கிறார்னு முணுமுணுத்தாங்க. மார்ச் 15 அன்னிக்குக் குத்திக் கொன்னுட்டாங்க. குத்தினவங்கள்ல ஒருத்தரான புரூட்டஸ் அடுத்த ரெண்டு வருஷத்துக்குள்ள ஒரு காசு அடிச்சார். பின்பக்கம் ரெண்டு கத்தி, நடுவுல விடுதலையான அடிமை போடுற குல்லா, கீழே கொலை நடந்த தேதி. முன்பக்கம் யாரு? புரூட்டஸேதான்! எதுக்காக சீசரைக் கொன்னாரோ அதையே இவரும் பண்ணிட்டார் :-)

ஆண்டனி காசுலயும் இப்படி ஒரு வேடிக்கை உண்டு. கப்பலைச் சுத்தி இருக்கிற சுருக்கெழுத்தை விரிச்சா 'குடியரசைச் சீர்படுத்தும் மூவரில் ஒருவர்'னு பட்டம் வரும். ஆனா அந்த மூவர் ஏற்பாட்டோட காலம் கி.மு. 33 முடிவோட தீர்ந்துபோச்சு. மூணாவது ஆள் லெபிடஸை அதுக்கு முன்னாடியே ஓரங்கட்டியாச்சு. மிச்சமிருந்த ரெண்டு பேரும் அடிச்சுக்கத் தயாரா நிக்கிறாங்க. காசுல மட்டும் இன்னும் குடியரசைச் சீர்படுத்திக்கிட்டு இருக்காங்க.

கி.மு. 31 செப்டம்பர் 2ஆம் தேதி ஆக்டியம் கடற்போர். ஆண்டனி தோத்தார். அடுத்த வருஷம் எகிப்தில் தற்கொலை. ஜெயிச்ச அக்டேவியன் பிறகு அகஸ்டஸ் ஆனது எல்லாருக்கும் தெரியும். ரோம்ல ஆண்டனி சிலைகளைச் சாய்ச்சாங்க, பெயரைக் கல்வெட்டுகள்ல இருந்து செதுக்கி எடுத்தாங்க. ஆனா இந்தக் காசை ஒண்ணும் பண்ண முடியலை.

ஏன்னா இது மட்டமான காசு. நிறைய ஆளுக்குச் சம்பளம் குடுக்கணும், கையில் இருக்கிற வெள்ளி போதாது, அதனால செம்பைக் கலந்துட்டாங்க. நல்ல வெள்ளிக் காசு கிடைச்சா ஜனங்க என்ன பண்ணுவாங்க? பானையில் போட்டுப் புதைப்பாங்க, இல்லேன்னா உருக்குவாங்க. மட்டமான காசை? 'இது முதல்ல கையை விட்டுப் போகட்டும்'னு கடைக்காரன் தலையில் கட்டுவாங்க. அவன் இன்னொருத்தன் தலையில். கி.பி. 107 வாக்கில் திராஜன் பழைய தேஞ்ச காசுகளைத் திரும்ப வாங்கி உருக்கினப்பவும் இதுல நிறைய தப்பிச்சது. உருக்கினா பெருசா லாபம் கிடையாதே. அடிச்சு இருநூறு வருஷத்துக்கு அப்புறம் பிரிட்டன்ல புதைச்ச பானைகள்லகூட, எழுத்தே தெரியாத அளவு வழுவழுன்னு தேஞ்சு இது கிடைக்குது. ஜெயிச்சவனோட நல்ல காசெல்லாம் உலைக்குப் போனப்ப, தோத்தவனோட மட்டக் காசு சந்தையில் சுத்திக்கிட்டிருந்தது.

அதனாலதான் தேஞ்ச காசையே தேடி வாங்கினேன். பளபளப்பா இருந்தா விலை எகிறும்கிறது இன்னொரு காரணம், ஹி ஹி. முதல் தடவை இங்கே லண்டன்ல ஒரு சந்தைக் கடையில் வாங்கினது வார்ப்புப் போலி. விளிம்புல அச்சு ரெண்டும் சேர்ந்த கோடு தெரிஞ்சுது. நிஜக் காசு சம்மட்டியால அடிச்சது, அதுல அந்தக் கோடு வராது. பாடம் கத்துக்கிட்டு ரெண்டாவது தடவை ஒழுங்கா ஒரு காசுக் கடைக்குப் போனேன். எங்கிருந்து வந்ததுன்னு கேட்டேன். "பழைய சேகரிப்பு"ன்னார். தலையாட்டிட்டு வாங்கிட்டு வந்துட்டேன்.

இப்ப உறுத்துறது அந்தத் தலையாட்டல்தான். மேலே சொன்ன புரூட்டஸ் காசுல தங்கத்துல அடிச்சது உலகத்துலயே விரல்விட்டு எண்ணுற அளவுதான் இருக்கு. 2020ல் அதில் ஒண்ணு லண்டன் ஏலத்தில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு. எங்கிருந்து வந்ததுன்னு அதுக்கும் ஒரு கதை சொன்னாங்க. பொய்க்கதை. 2023ல் அமெரிக்க அதிகாரிகள் அதைக் கிரேக்க நாட்டுக்கே திருப்பிக் குடுத்துட்டாங்க. அவ்வளவு பெரிய காசுக்கே இந்த நிலைமைன்னா என் தேஞ்ச காசை யார் விசாரிக்கப் போறாங்க?

நம்ம ஊர்க் கதையும் இதேதான். கரூர் அமராவதி ஆத்து மணலைச் சலிச்சு எடுத்த ரோமானியக் காசுகள் எத்தனை கை மாறியிருக்கு! ஒரு பானையில் எந்தக் காசோட எந்தக் காசு இருந்ததுன்னு தெரிஞ்சா அது வரலாறு. பிரிச்சு வித்துட்டா வெறும் காசு.

என் காசு எத்தனை சிப்பாய், எத்தனை கடைக்காரன் கையில் தேஞ்சுதுன்னு நினைச்சு நினைச்சுச் சந்தோஷப்பட்டிருக்கேன். ஆனா மண்ணுல இருந்து எடுத்த அந்த ஒரு கை யாருதுன்னு கேட்கவே இல்லை. இனிமே எழுத்துல பூர்வீகம் குடுக்காம ஒரு காசும் வாங்கறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கேன். "அப்போ காசு மிச்சம்"னு தங்கமணிக்கு ஒரே குஷி.

டிஸ்கி: ஆறாம் எண் காசை விக்கிறதா இல்லை. வாங்குறவர் 'எங்கிருந்து வந்தது?'ன்னு கேட்டா, நானும் "பழைய சேகரிப்பு"ன்னுதானே சொல்லணும்?