திரும்பி வரவேண்டிய குழாய்

"தச்ச எடம் விட்டுப்போச்சாம்." இரைப்பையிலோ உணவுக்குழாயிலோ அறுவை முடிந்த சில நாளில் காய்ச்சல் ஏறி, நாடி எகிறினால் வாலிகண்டபுரம் போன்ற ஊர்களுக்குச் செய்தி இப்படித்தான் வந்து சேரும். மருத்துவர்கள் இதைக் கசிவு என்கிறார்கள்.

இந்தப் பயம் பழசு. 1881இல் வியன்னாவில் தியோடர் பில்ரோத் புற்று பிடித்த இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, மிச்சத்தைக் குடலோடு தைத்தார். தையல் தாங்கியது, அதுதான் சாதனை. தாங்காமல் போனால் மறுபடி வயிற்றைத் திறக்கணும். சீழ் பிடித்த சதையில் புதுத் தையலும் லேசில் நிற்காது. அதனால்தான் பின்னாளில், வாய்வழியே எண்டோஸ்கோப்பை விட்டு, ஓட்டையை உள்ளிருந்தே ஒரு குழாயால் மறைக்கும் வழி வந்தது. அந்தக் குழாய்தான் ஸ்டென்ட்.

ஸ்டென்ட் என்பது ஓர் ஆளின் பெயர். லண்டன் பல் மருத்துவர் சார்லஸ் ஸ்டென்ட் 1856இல் பல் அச்சு எடுக்க ஒரு கலவை செய்தார். முதல் உலகப்போரில் டச்சு அறுவை மருத்துவர் யோஹானஸ் எஸ்ஸர் ஒட்டுத்தோலை அழுத்திப் பிடிக்க அதை எடுத்துக்கொண்டார். உடம்புக்குள் தாங்கிப் பிடிக்கிற சாமானுக்கெல்லாம் பிற்பாடு அந்தப் பெயரே நிலைத்தது.

தானே விரியும் உலோக வலைக்குழாய்கள் 1990களில் பரவின. முதலில் அவை புற்று அடைத்த உணவுக்குழாய்க்கானவை. வலைக்கண் வழியே சதை வளர்ந்து குழாயைக் கவ்விக்கொள்ளும். அங்கே குழாயை எடுக்க வேண்டியதில்லை. கசிவில் கதை வேறு. ஓட்டை ஆறியதும், பெரும்பாலும் சில வாரங்களில், குழாய் வெளியே வந்தாக வேண்டும்.

தேர்வின் சிக்கல் இங்கேதான். முழுக்க உறையிட்ட ஸ்டென்ட் சுலபமாக எடுக்க வரும். ஆனால் பிடிமானம் இல்லாமல் கீழே நழுவும். இரு முனையிலும் உறை இல்லாதது நன்றாகக் கவ்வும், எடுக்கும்போது படுத்தும். சில சமயம் உள்ளே இன்னொரு ஸ்டென்டை வைத்து, வளர்ந்த சதையை நசுக்கிக் கரையவிட்டு, இரண்டையும் சேர்த்து உருவுவார்கள். எதை வைத்தாலும் வெளியே தேங்கிய சீழை வடித்தே ஆகணும். இல்லையென்றால் திருடனை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டின கதைதான்.

இன்னொரு கேள்வியும் உண்டு: நோயாளி திரும்பி வருவாரா? அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததே 2022இல்தான். திருச்சிக்கோ சென்னைக்கோ போய்வர பஸ் செலவு, துணைக்கு ஓர் ஆள், போகும் கூலி. சோறு இறங்குது, நல்லாத்தானே இருக்கேன் என்று தேதியைத் தள்ளினால், காப்பாற்றிய குழாயே சதையில் புதைந்து ரத்தம் கசியவைக்கும், புது ஓட்டையும் போடலாம். ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்டின் வகையோடு எடுக்க வேண்டிய தேதியும் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் ஊருக்குப் பஸ் ஏறணும்.