ஒரே மாலையில் மூன்று பேரிடர்கள்: பாலு நகரம் தரும் படிப்பினை

நிலநடுக்கம், சுனாமி, வெள்ளம், நிலச்சரிவு என்று இயற்கைப் பேரிடர்களை நாம் தனித்தனியாகவே படித்திருக்கிறோம். ஆனால், சில ஊர்களில் ஒரு பேரிடரே அடுத்ததை இழுத்து வருகிறது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள பாலு அத்தகைய நகரம்.

அமைவிடம்

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பாலு, மத்திய சுலவேசி மாகாணத்தின் தலைநகர். குறுகி நீண்ட வளைகுடாவின் முனையில், மலைகளுக்கு இடையே, ஆற்று வண்டல் படிந்த சமவெளியில் அமைந்துள்ளது. பாலு-கோரோ எனும் நிலப்பிளவு இப்பள்ளத்தாக்கின் வழியாகவே செல்கிறது.

2018 செப்டம்பர் 28

வெள்ளிக்கிழமை. மஃரிப் நேரம் நெருங்கிய மாலை 6.02 மணிக்கு 7.5 அளவில் பூமி அதிர்ந்தது. கட்டடங்கள் சரிந்தன. சில நிமிடங்களிலேயே சுனாமி வளைகுடாவுக்குள் புகுந்தது. விழா ஒன்றுக்காகக் கடற்கரையில் திரண்டிருந்த மக்கள் அதில் சிக்கினர்.

மூன்றாவது ஆபத்து கடலிலிருந்து வரவில்லை. பெத்தோபோ, பலரோவா பகுதிகள் கடற்கரையை ஒட்டியவை அல்ல. அங்கே நிலமே சேறாகக் குழைந்து, வீடுகளை இழுத்துச் சென்று புதைத்தது. நீர் ஊறிய தளர்வான மணல் பலமாகக் குலுங்கும்போது மணல் துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி விட்டுப்போகிறது. அப்போது நிலம் திரவம்போல் ஓடும்.

இறந்தோரும் காணாமல் போனோரும் 4,000க்கும் அதிகம். பலரின் ஜனாஸாக்களை மீட்க முடியவே இல்லை.

மறந்துபோன எச்சரிக்கை

இப்பகுதியின் பூர்வகுடிகளான கைலி மக்களின் மொழியில், நிலம் இப்படி உள்வாங்குவதைக் குறிக்க 'நலோடோ' என்ற சொல்லே உண்டு. முன்னோர் கண்ட ஆபத்து சொல்லாக எஞ்சியது. ஆனால், அந்த நிலத்தில் குடியிருப்புகள் எழுந்தன. பேரழிவுக்குப் பின்னரே அரசு அப்பகுதிகளைச் சிவப்பு மண்டலமாக அறிவித்து, வீடு கட்டத் தடை விதித்தது.

நமக்கான பாடம்

2004இல் சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்து, இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்தே நாகப்பட்டினக் கரையை அலை தாக்கியது. பாலுவில் கிடைத்ததோ சில நிமிடங்கள்தாம். நிலப்பிளவுக்கு அருகிலுள்ள கடலோரத்தில் பலமான அதிர்வே முதல் எச்சரிக்கை. அறிவிப்புக்காகக் காத்திராமல், அதிர்வு நின்றதும் மேட்டுநிலம் நோக்கிச் செல்ல வேண்டும்.

மனை வாங்குமுன் கடல் எவ்வளவு தூரம் என்று கேட்கிறோம். அது முன்பு ஏரியா, வயலா, ஆற்றுப்படுகையா என்பதையும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்போம். இறைவனின் விதியை நம்பும் நாம், தற்காப்புக்கான வழியைத் தேடுவதும் கடமையே.