விடுபட்ட சாவியும் பூச்சியமும்: அரை நூற்றாண்டுச் செய்நிரல் வரலாறு

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மாத்தளை மாவட்டத்தின் தோட்டங்களிலிருந்தும் வெளி மாவட்டங்களிலிருந்தும் மரக்கறி வந்து குவிகிறது. ஆனால் எல்லா மரக்கறியும் எல்லா நாளும் வருவதில்லை. அன்றைய மொத்த விலைகளைக் கணினியில் ஓர் அணியாகப் பதிவதாக வைத்துக்கொள்வோம்: மரக்கறியின் பெயர் சாவி, கிலோ விலை அதன் பெறுமானம். சிறுபோக அறுவடை தீர்ந்த பிறகு உள்ளூர்ப் பெரிய வெங்காயத்துக்கு அந்த அணியில் சாவியே இருக்காது. அதன் விலையை ஒரு செய்நிரல் கேட்டால் கணினி என்ன சொல்ல வேண்டும்?

1977இல் பெல் ஆய்வுகூடத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் உருவாக்கிய ஆக் மொழி, கேட்ட மாத்திரத்திலேயே அந்தச் சாவியை அணியில் சேர்த்து வெற்றுப் பெறுமானம் ஒன்றைக் கொடுத்தது. கணக்கில் அது பூச்சியமாகிவிடும். கறட் 200, போஞ்சி 240, தக்காளி 160 ரூபா என்றால் சராசரி 200. வெங்காய விலையை ஒருமுறை விசாரித்துவிட்டு, அணியிலுள்ள எல்லாச் சாவிகளையும் எண்ணிச் சராசரி பார்த்தால் 150! சந்தைக்கே வராத வெங்காயம் எல்லார் விலையையும் இறக்கிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து.

லாரி வால் 1987இல் வெளியிட்ட பெர்ல் மொழியில் நிரலாளர்கள் இரட்டைக் கோட்டுக் குறியால் (||) இயல்புநிலைப் பெறுமானம் கொடுக்கப் பழகினார்கள். பெர்லுக்குப் பூச்சியமும் பொய், இல்லாததும் பொய். கையிருப்பு 0 என்று சரியாகப் பதிந்திருந்தாலும் 'தெரியாது' என்ற விடைதான் வரும். விற்றுத் தீர்ந்த சரக்கும் பதியப்படாத சரக்கும் ஒன்றாகிவிட்டன. இரண்டையும் பிரிக்கும் சாய்கோட்டுக் குறி (//) 2007 டிசம்பரில், 5.10 பதிப்பில்தான் வந்தது.

பைத்தான் கண்டிப்பானது, சாவி இல்லையென்றால் பிழை காட்டி நின்றுவிடும். மாற்றுப் பெறுமானம் வேண்டுபவர் அதை வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

இணையத்தளங்களில் பரவிய பிஎச்பி நீண்ட காலம் தளர்வாகவே இருந்தது. சாவி இல்லாவிட்டால் ஒரு சிறு அறிவிப்பு மட்டும் காட்டிவிட்டு வேலையைத் தொடரும். கவனமானவர்கள் சாவி உண்டா என்று முதலில் பார்த்து, பிறகு அதே சாவியைத் திரும்ப எழுதினார்கள். 2009இல் வந்த சுருக்கக் குறி (?:) எழுத்தைக் குறைத்தது, பூச்சியத்தையோ இன்னமும் விழுங்கியது. சி ஷார்ப் மொழியில் 2005இலேயே இருந்த இரட்டைக் கேள்விக்குறி (??) பிஎச்பிக்கு 2015 டிசம்பரில், 7.0 பதிப்போடு வந்தது. சாவி இல்லாதபோதும் பெறுமானம் வெறுமையாக உள்ளபோதும் மட்டுமே அது மாற்றைத் தருகிறது. 0 பத்திரமாக இருக்கும். 2020இல் 8.0 பதிப்பு, பழைய அறிவிப்பை எச்சரிக்கையாக உயர்த்தியது.

இந்த வரலாற்றில் இலங்கைக்கும் இடமுண்டு. கொழும்பில் பெரும்பகுதி இயங்கும் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் 2017இல் பலரினா என்ற மொழியை அறிமுகப்படுத்தியது, 1.0 பதிப்பு 2019இல் வெளிவந்தது. எக்ஸ்எம்எல் துறையில் பெயர்பெற்ற ஜேம்ஸ் கிளார்க் அதன் வடிவமைப்பில் பங்கேற்றார். பலரினாவில் சதுர அடைப்புக்குள் சாவியைத் தந்து விலையைக் கேட்டால், 'எண் அல்லது வெறுமை' என்ற வகையிலேயே விடை கிடைக்கும். அதை வெறும் எண்ணாகப் பயன்படுத்த முயன்றால் தொகுப்பான் மறுத்துவிடும். வெறுமைக்கு என்ன செய்வதென்று நிரலாளர் எழுதியே ஆக வேண்டும். இங்குள்ள ?: குறி, பிஎச்பியின் அதே வடிவம் கொண்டதாயினும், பூச்சியத்தைத் தொடுவதில்லை. செய்நிரல் ஓடத் தொடங்கும் முன்பே கேள்வியை எழுப்பும் இம்முறை, ஓடிய பிறகு எச்சரிப்பதைவிடப் பல மடங்கு மேலானது.

வரிசை எண்கொண்ட அணிகளில் மட்டும் பலரினா பழைய வழக்கத்தை விடவில்லை. இரத்தோட்டையின் மாத மழைவீழ்ச்சியை ஓர் எண் அணியில் ஏப்ரலிலிருந்து பதியத் தொடங்கினால், முந்தைய மூன்று மாதங்களும் தாமாகவே பூச்சியத்தால் நிரம்பும். அளக்காத மாதங்கள் வறட்சியாகத் தோன்றும். அணியின் வகைப்பெயரோடு ஒரு கேள்விக்குறியைச் சேர்த்து, வெறுமையும் வரலாம் என்று அறிவித்துவிட்டால், அந்த மூன்று இடங்களும் வெறுமையாகவே இருக்கும்.