நோபல் பரிசு பட்டினிக்கா கிடைத்தது?

சஷ்டி, ஏகாதசி நெருங்கினாலே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். பட்டினி கிடந்தால் உடம்பு தன் கழிவைத் தானே தின்று நோயைத் தீர்த்துவிடுமாம். இதைக் கண்டுபிடித்த ஜப்பானியர் நோபல் பரிசே வாங்கிவிட்டாராம். இதில் பாதிதான் உண்மை. மீதியை நம்பி மாத்திரையை நிறுத்தும் முன் இந்த வரலாற்றைப் படித்துவிடுங்கள்.

நம் சேலம் வெள்ளிப் பட்டறைகளில் அறுந்த கொலுசை யாரும் குப்பையில் போடுவதில்லை. மூசையில் உருக்கிப் புதுக் கொலுசு செய்கிறார்கள். நம் செல்களுக்குள்ளும் அப்படி ஒரு பட்டறை உண்டு.

அதன் மூசையை முதலில் கண்டவர் பெல்ஜியத்தின் கிறிஸ்டியன் டி டூவ். எலியின் கல்லீரலில் இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயப் போனவர், செரிக்கும் நொதிகள் நிறைந்த நுண்பைகள் செல்லுக்குள் இருப்பதைக் கண்டார். 1955-இல் அவற்றுக்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார். செல் தன் பழுதான பாகங்களையே சவ்வில் பொதிந்து அந்தப் பைக்கு அனுப்புவதற்கு 1963-இல் அவர் வைத்த பெயர் ஆட்டோபேஜி. தன்னையே உண்ணுதல் என்று பொருள். 1974-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தப் பட்டறையை நடத்தும் மரபணுக்கள் எவை? 1988-இல் டோக்கியோவில் ஆய்வகம் தொடங்கிய யோஷினோரி ஓசுமி, ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டைக் கையில் எடுத்தார். சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டைப் பட்டினி போட்டார். உருகாத வெள்ளி மூசையில் தேங்குவதுபோல, சில மணி நேரத்தில் பைக்குள் பொதிகள் குவிந்தன. அதை வைத்துத் தேடி, 1993-இல் 15 மரபணுக்களை அடையாளம் காட்டினார். 2016-இல் மருத்துவ நோபல் பரிசு அவர் ஒருவருக்கே கிடைத்தது. இன்று நமக்குப் பக்கத்திலுள்ள பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்திலும் ஆட்டோபேஜி ஆய்வு நடக்கிறது.

கவனியுங்கள்: பட்டினி கிடந்தது ஈஸ்ட், பரிசு கிடைத்தது மரபணுக்களைக் கண்டதற்கு. இத்தனை மணி நேரம் சாப்பிடாவிட்டால் இன்ன நோய் தீரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நீங்கள் வயிறாரச் சாப்பிட்ட நாளிலும் பட்டறை ஓடுகிறது. பட்டினியில் வேகம் கூடுகிறது, அவ்வளவுதான். புற்றுநோய்ச் செல்கள்கூடப் பிழைத்திருக்க இதே வழியைப் பயன்படுத்துவதுண்டு.

விரதம் உங்கள் நம்பிக்கை, இருங்கள். ஆனால் சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டை விட்டால், சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். உங்கள் பிளாக்கில் தனியாக இருக்கும் பெரியவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.