புசல்லாவை வீதியும் பேராதனைப் புள்ளிகளும்

ஏ5 வீதி பேராதனையில் தொடங்குகிறது. கம்பளையைத் தாண்டி மலையேறி, புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா, பதுளை என்று போய், கடைசியில் மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் இறங்குகிறது. தொடங்கும் இடத்தில் நாட்டின் பழைய பல்கலைக்கழகம்; அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் புசல்லாவை. இவ்வளவு கிட்ட இருந்தும், தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் பல்கலைக்கழகப் புள்ளிப் பட்டியலில் ஏறுவதற்குத் தலைமுறைகள் கடந்து போயின. இன்று அதே பிள்ளை, பஸ்ஸில் வீடு திரும்பும்போதே தன் ஒப்படைக்கு எத்தனை புள்ளி என்று தொலைபேசியில் பார்த்துக்கொள்கிறது. இந்த மாற்றத்தின் கதை கணினிக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது.

புசல்லாவையில் 1841 அளவில் றொத்ஸ்சைல்ட் தோட்டத்தைத் திறந்தவர்கள் வோர்ம்ஸ் சகோதரர்கள். ஐரோப்பாவின் பெரும் வங்கிக் குடும்பத்துக்கு உறவுக்காரர்கள் என்பதால் தோட்டத்துக்கு அந்தப் பெயர். கோப்பிக்கு நடுவே சீனத் தேயிலைக் கன்றுகளையும் நட்டுப் பார்த்தார்கள். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 1867இல் வர்த்தகத்துக்காகத் தேயிலை பயிரிடுவதற்குக் கால் நூற்றாண்டு முந்திய முயற்சி அது. தோட்டத்தோடு செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேடும் வந்தது. விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணி, முழுப்பேரா அரைப்பேரா என்று குறித்துக்கொள்வார்கள். மாதச் சம்பளம் முழுக்க அந்தக் கொப்பிக்குள் இருந்தது. யாருடைய பெயரால் அது எழுதப்பட்டதோ, அவர்கள் கைக்கு அது வருவதில்லை.

1907இல் வந்த சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. நடைமுறையில், பெரும்பாலான இடங்களில் ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், ஆரம்ப வகுப்புகள், அத்தோடு முடிந்தது. அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பெருமளவில் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியில்தான். இலவசக் கல்வி நாட்டுக்கு வந்து மூன்று தசாப்தங்கள் கழிந்த பிறகு. மலையகத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குத் தாமதமாக வந்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த முப்பது வருடத்தைக் கணக்கில் எடுக்காமல் பேசக்கூடாது.

பல்கலைக்கழகப் பக்கத்தில் புள்ளிகளின் கதை லண்டனில் ஆரம்பிக்கிறது. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டபோது அதற்குச் சொந்தமாகப் பட்டம் வழங்கும் உரிமை கிடையாது. மாணவர்கள் கொழும்பில் படித்தார்கள். பட்டம் லண்டன் பல்கலைக்கழகத்துடையது. படிப்பித்தவர் கையில் பாடம் இருந்தது, தீர்ப்பு கடலுக்கு அப்பால் இருந்தது. 1942 ஜூலை 1ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்த பிறகுதான் பாடத்திட்டம், பரீட்சை, வகுப்புத் தரம் மூன்றும் நாட்டுக்குள் வந்தன. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். 1952இல் அது பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. பற்றிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் வரைந்த திட்டத்தின்படி, மகாவலிக் கரையில், முன்பு நியூ பேராதனை எஸ்டேட் என்று அழைக்கப்பட்ட நிலத்தில் கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்து மண்ணில்தான் பல்கலைக்கழகம் வந்தது. தோட்டத்து மக்கள் உள்ளே வரப் பின்னும் காலம் பிடித்தது.

அந்தக் காலத்துப் பேராதனையில் ஒரு மாணவரின் தலைவிதி சில பெரிய பரீட்சைகளில் தொங்கியது. கலைப் பீடத்தில் முதல் வருட முடிவில் ஜி.ஏ.கியூ. என்ற தகுதிகாண் பரீட்சை. அதில் தேறினால் சிறப்புக் கற்கை. பிறகு இறுதிப் பரீட்சை. விடைத்தாளை முதற் பரீட்சகர் ஒருவர், இரண்டாம் பரீட்சகர் ஒருவர் என்று இருவர் பார்ப்பார்கள். புள்ளிகள் பரீட்சைக் கிளைக்குப் போகும், பெறுபேற்றுச் சபை கூடும், மூதவை அங்கீகரிக்கும். அதற்குப் பின் ஒருநாள் விளம்பரப் பலகையில் தட்டச்சுத் தாள் ஏறும். அதில் சுட்டெண்ணும் தரமும் இருக்கும், புள்ளி இருக்காது. எந்தக் கேள்வியில் சறுக்கினோம், எந்தப் பாடம் காலை வாரியது என்று மாணவருக்குத் தெரிய வழியில்லை. விடுமுறையில் மலைநாட்டு வீட்டில் இருப்பவருக்கு அந்தத் தாளைப் பார்க்கவே ஒரு பஸ் பயணம் வேண்டும், அல்லது கண்டியில் ஒரு நண்பர் வேண்டும்.

ஆளைத் தெரிவுசெய்யும் புள்ளிக்கும் பேராதனையோடு ஒரு தொடர்பு உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் 1970களின் தரப்படுத்தலும் மாவட்டக் கோட்டாவும் ஏற்படுத்திய காயங்கள் எல்லோரும் அறிந்தவை. வெவ்வேறு பாடங்களின் கச்சாப் புள்ளிகளை அப்படியே கூட்டுவது நியாயமில்லை என்ற நிலையில், 2001இல் இசட் புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. அதை முன்மொழிந்தவர் பேராதனையின் புள்ளியியல் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில். சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறார் என்பதை அது அளக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது, கண்டி இல்லை. இரண்டு மாவட்டங்களும் ஒட்டிக்கொள்ளும் புசல்லாவைப் பகுதியில் இந்தக் கோடு எவ்வளவு பெரிய விஷயம் என்பது சரஸ்வதி மத்திய கல்லூரி போன்ற பாடசாலைகளில் உயர்தரம் எழுதும் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். வெட்டுப்புள்ளி வெளியாகும் நாள் அங்கே ஊர் முழுக்க ஒரே பேச்சு.

பல்கலைக்கழகத்துக்குள் பெரிய உடைப்பு வந்தது பாட அலகு முறையோடு. ஒரு வருடப் படிப்பைச் செமஸ்டர்களாகவும், செமஸ்டரை கிரெடிட் கணக்குள்ள தனித்தனிப் பாடங்களாகவும் பிரித்தார்கள். இறுதிப் பரீட்சைக்கு முன்பே வினாவிடை, ஒப்படை, ஆய்வுகூடக் குறிப்பு, இடைப்பரீட்சை என்று தொடர் மதிப்பீடு வந்தது. 2012இல் வெளியாகி 2015இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைச் சட்டகம் கணக்கை நாட்டுக்கே பொதுவாக்கியது: ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 50 மணித்தியால உழைப்பு, மூன்று வருடப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நான்கு வருடத்துக்கு 120. தரப்புள்ளிச் சராசரி 3.70 இருந்தால் முதல் வகுப்பு, 3.30 இருந்தால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00 இருந்தால் கீழ்ப்பிரிவு.

காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. ஆனால் இருநூறு பேர் படிக்கும் ஒரு பாடத்துக்கு ஆறு மதிப்பீடு என்றால் 1,200 புள்ளிகள். ஒரு விரிவுரையாளருக்கு செமஸ்டருக்கு இரண்டு மூன்று பாடங்கள். வருடத்துக்கு ஒருமுறை எழுதிய பேரேடு இந்தச் சுமையைத் தாங்காது. எக்செல் தாள்கள் வந்தன. அவற்றோடு, ஒரே கோப்பின் நாலு பிரதிகளில் எது கடைசி என்ற குழப்பமும் வந்தது. இணையவழிக் கற்றல் முறைமையைப் பல்கலைக்கழகங்கள் விரும்பி ஏற்றதற்குப் பாடக் குறிப்புகளைப் பகிரும் வசதியோடு இந்தத் தலையிடியும் ஒரு காரணம்.

அதற்கு வேண்டிய கம்பி முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அபய இந்துருவவின் முன்முயற்சியில் லேர்ன் என்ற கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு 1990 அளவில் மின்னஞ்சல் சேவையைத் தொடங்கியது. நாட்டில் வணிக இணையம் வருவதற்குச் சில வருடங்கள் முன்பு. பிறகு பேராதனை உட்பட எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதில் இணைந்தன.

மென்பொருள் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மேற்கு அவுஸ்திரேலியப் பாலைவனத்தில் வளர்ந்து, சிறுவயதில் வானொலி வழியாகப் பாடம் கேட்டுப் படித்த மார்ட்டின் டூகியாமஸ், 2002 ஓகஸ்டில் மூடில் என்ற கற்றல் முறைமையின் முதல் பதிப்பை வெளியிட்டார். பள்ளிக்கூடம் தூரத்தில் இருப்பதன் வலி தெரிந்த மனிதர். பணம் கட்டத் தேவையில்லை, திருத்தி எழுதத் தடையில்லை என்பதால் வசதி குறைந்த பல்கலைக்கழகங்களுக்கு அது வரமாக வாய்த்தது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்துக்கு அதைப் பயன்படுத்தியது. திறந்த பல்கலைக்கழகம் எடுத்தது. பேராதனையில் பீடங்கள் தத்தமக்கென்று தளங்களை அமைத்தன. பொறியியல் பீடத்தின் தளத்துக்கு ஃபீல்ஸ் என்று பெயர்.

மூடிலின் புள்ளிப் பக்கத்தைக் கிட்ட நின்று பார்த்தால், பழைய பேரேட்டில் இல்லாத இரண்டு குணங்கள் தெரியும். ஒன்று, நினைவு. ஒரு புள்ளியை 56இலிருந்து 65 ஆக மாற்றினால், மாற்றியவர் யார், எத்தனை மணிக்கு என்பது பதிவாகிவிடும். பழைய பேரேட்டில் வெள்ளை மை பூசியிருந்தால் அடியில் என்ன இருந்தது என்று கேட்கவே முடியாது. இரண்டாவது, ஒரு பொறி. ஒரு மாணவி இரண்டு சம பெறுமதியுள்ள ஒப்படைகளில் ஒன்றுக்கு 80 சதவீதம் எடுக்கிறார், மற்றதைக் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். முறைமையின் வழக்கமான அமைப்பில் வெற்றுக் கட்டம் கணக்கில் சேராது. அதனால் அவர் திரையில் மொத்தம் 80 சதவீதம் என்றே நிற்கும். விரிவுரையாளர் அந்தக் கட்டத்தில் பூச்சியம் இட்ட கணத்தில் அது 40 சதவீதம் ஆகும். பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு இதைக் கண்டு பதறும் பிள்ளைகள் எல்லா பெட்சிலும் இருக்கிறார்கள். முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்காதது பிழை.

2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. விடுதிகளிலிருந்து மாணவர்கள் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். லேர்ன் தன் வலையமைப்பின் ஊடாக சூம் வகுப்புகளைத் திறந்துவிட்டது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல்கலைக்கழகத் தளங்களுக்கு டேட்டாக் கட்டணம் அறவிடாமல் விட்டன. நம் பல்கலைக்கழக வரலாற்றில் இவ்வளவு வேகமாக எடுக்கப்பட்ட நல்ல முடிவுகள் அதிகமில்லை. பணத் தடை நீங்கியது. மலைத் தடை நீங்கவில்லை. தோட்டத்துப் பள்ளத்தாக்குகளில், வரிசை லயங்களுக்குள், சிக்னல் ஒரு கோடு காட்டும், பிறகு அணையும். பதுளைப் பக்கம் பொகிட்டியாவ கிராமத்துப் பாடசாலைப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டு வழியே நடந்து பாறையில் ஏறிப் பாடம் கேட்டது 2021இல் உலகச் செய்தியானது. ஒப்படைக்கு இரவு 11.59 கடைசி நேரம் என்று முறைமை பூட்டிக்கொள்ளும். மழை இரவில் லயத்து அறையில் மின்சாரம் போனது அந்தப் பூட்டுக்குத் தெரியாது. கால அவகாசத்தை நீட்டும் பொத்தானும் அதே முறைமையில் இருக்கிறது. அதை அழுத்திய ஆசிரியர்களை அந்த பெட்ச் மாணவர்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள்.

திரையில் தெரிவது இன்னும் பட்டச் சான்றிதழுக்குரிய தரம் ஆகிவிடவில்லை. இரண்டாம் பரீட்சகரும் பெறுபேற்றுச் சபையும் மூதவையும் பழைய இடத்திலேயே இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். 2024 மே மாதம் கல்விசாரா ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, எத்தனை தளங்கள் இயங்கினாலும் பல்கலைக்கழகத்தின் நிர்வாக வேலைகள் அசையவில்லை. ஆனால் தொடர் மதிப்பீட்டுப் புள்ளிகள் வேறு விஷயம். அவை மாணவர் தன்னைத் திருத்திக்கொள்வதற்காகவே வந்தவை. இறுதிப் பரீட்சைக்குப் பிறகு காட்டினால் பயனில்லை. மூடிலில் ஒவ்வொரு புள்ளி நிரலையும் மாணவருக்குத் திறந்து காட்டவோ மூடி வைக்கவோ விரிவுரையாளரால் முடியும். சில பாடங்களில் அது செமஸ்டர் முழுக்கத் திறந்திருக்கிறது, சிலவற்றில் கடைசிவரை மூடியே கிடக்கிறது. எந்தத் திகதிக்கு முன் திறக்க வேண்டும் என்பதை விரிவுரையாளரின் விருப்பத்துக்கு விடாமல், பீடச் சபைகள் ஒழுங்குவிதியாக எழுதிவைக்க வேண்டும்.