பெயர் போயிற்று, பிடி போகவில்லை

மன்னனை விரட்டிய நகரம் ரோம். கி.மு. 509-இல் என்று மரபு கூறும். ஒருவன் கையில் ஆட்சி இருந்தால் என்னவாகும் என்பதைப் பட்டுணர்ந்த மக்கள், இரு கன்சல்களை அமர்த்தினர். ஓராண்டே பதவி. ஒருவன் தவறினால் மற்றவன் தடுக்கலாம். பேராபத்து வந்துற்றால் மட்டும் ஒரு சர்வாதிகாரி. அவனுக்கும் ஆறே திங்கள்!

இவற்றினும் சிறந்தது ட்ரிப்யூன் பதவி. உயர்குடியினரின் செருக்கும் கடன் கொடுமையும் தாங்காத எளிய மக்கள், கி.மு. 494-இல் நகரைத் துறந்து குன்றேறி அமர்ந்து போராடிப் பெற்றது அது என்பர். ஏழையின்மீது அதிகாரி கை வைத்தால், ட்ரிப்யூன் ‘தடுக்கிறேன்’ என்பான், கை நின்றுவிடும். அவனைத் தீண்டுதல் பெருங்குற்றம். வாளில்லாதோர்க்கு வாய்த்த கேடயமன்றோ அது!

கி.மு. 82-இல் சுல்லா அந்த ஆறு திங்கள் வரம்பை உடைத்தான். கொல்லப்பட வேண்டியோர் பட்டியல் பொதுவிடத்தில் தொங்கிற்று. ட்ரிப்யூன்களின் உரிமையையும் முடக்கினான். பின்னர் அவனே பதவி துறந்தான், உண்மைதான். ஆயினும் பூட்டு உடைந்தது உடைந்ததுதானே? சீசர் அவ்வழியே நுழைந்தான். முதலில் 11 நாள், பிறகு ஓராண்டு, பிறகு பத்தாண்டு, கி.மு. 44-இல் ஆயுள் முழுமைக்கும்! அவ்வாண்டு மார்ச் 15-ஆம் நாள் கத்திகள் பாய்ந்தன. சர்வாதிகாரிப் பதவியையே ஆண்டனி சட்டம் செய்து ஒழித்தான். ஊர் மகிழ்ந்தது.

ஒழிந்தது எது? பெயர்!

கி.மு. 27-இல் அகஸ்டஸ், குடியரசைத் திருப்பித் தந்துவிட்டதாக அறிவித்தான். பெரும்பாலான படைகள் மட்டும் அவனிடமே இருந்தன. உயர்குடியினன் ட்ரிப்யூன் ஆகக் கூடாது என்பது சட்டம். ஆகவே பதவியைத் தொடாமல், கி.மு. 23-இல் அப்பதவியின் அதிகாரத்தை மட்டும் வாழ்நாளுக்கும் பெற்றுக்கொண்டான். ஏழையின் கேடயம் எங்கே போய்ச் சேர்ந்தது, பார்த்தீர்களா! அடுத்த ஆண்டு பஞ்சத்தால் நொந்த மக்கள், சர்வாதிகாரியாகுக என வேண்டினர். அவனோ மண்டியிட்டு, மார்பைத் திறந்து காட்டி, மறுத்தான். என்னே நடிப்பு! இருப்பதைக் கேட்டால் யார்தான் வாங்குவர்?

வகுப்பறையில் நாம் ‘அகஸ்டஸ் பொற்காலம்’ என்றுதான் கற்பிக்கிறோம். உள்நாட்டுப் போர் ஓய்ந்தது, சலவைக்கல் மாளிகைகள் எழுந்தன, மறுப்பதற்கில்லை. எனினும் சுல்லாவைக் காட்டிலும் இவனையே நான் அஞ்சத்தக்கவன் என்பேன். சுல்லாவின் வாளைக் கண்டோர் பகைவனென்று அறிந்தனர். இவனையோ காவலனென்று வாழ்த்தினர்.

கி.பி. 14-இல் அகஸ்டஸ் மறைந்தான். அடுத்து வந்த டைபீரியஸ், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மக்கள் மன்றத்திடமிருந்து எடுத்து செனட்டிடம் கொடுத்தான். குன்றேறி நின்றோரின் வழிவந்தவர்கள் என்ன செய்தனர்? வெறும் முணுமுணுப்பைத் தவிர எதுவும் எழவில்லை என்று டாசிடஸ் எழுதி வைத்திருக்கிறான்.